இந்த நத்தைக்குப் பெயர் என்ன?

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிப் பேசு தம்பி, ஆனா போரடிக்காம பேசு" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னார். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று எனக்குப் பட்டது. நான் நம் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். பிறகு பி.இ. முடித்து, இப்போது துறைமுகத் தூண்களையும் கடல்நீர் எடுக்கும் குழாய்களையும் தண்ணீருக்குள் போய்ச் சோதித்து அறிக்கை எழுதுகிற வேலையில் இருக்கிறேன். விரிசல், துரு, சிமெண்ட் உதிர்வு என்று பேசினால் பாதிப் பேர் பீமன் அருவிக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் அந்தத் தூண்களில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு அழகான பிராணியைப் பற்றிப் பேசுகிறேன். மலை மேல் உட்கார்ந்து கடல் கதையா என்று கேட்காதீர்கள். இந்த மலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரில் ஓடு இல்லாத நத்தை ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே கடலிலும் ஓடில்லா நத்தைகள் உண்டு. அவற்றில் ஒரு பெரிய கூட்டத்துக்கு நூடிபிராங்க் என்று பெயர். லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து பிறந்த சொல்; வெளியே திறந்து கிடக்கும் செவுள் என்று பொருள். உலகம் முழுவதும் சுமார் 3000 இனங்கள். பெரும்பாலானவை விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் நிறம் இருக்கிறதே, தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஊதா உடம்பில் மஞ்சள் கரை, வெள்ளை உடம்பில் சிவப்புக் கரை, கறுப்பில் இளஞ்சிவப்புப் புள்ளி என்று எத்தனையோ.

ஒரு சின்ன எச்சரிக்கை. இதைக் கடல் அட்டை என்று சொல்லிவிடாதீர்கள். நம் கடற்கரையில் கடல் அட்டை என்றால் அது வேறு பிராணி. நட்சத்திர மீனுக்கு உறவு. 2001 முதல் அதைப் பிடிப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டப்படி குற்றம். பெயரை மாற்றிச் சொன்னால் சிரிப்போடு முடியாது, வழக்கு வரைக்கும் போகும்!

சரி, இந்த நத்தைக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி? "இவ்வளவு பளிச்சென்று நிறமும் புள்ளியும் இருக்கே, புத்தகத்தில் படம் பார்த்து ஒப்பிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். என் உரையே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இயற்பியல் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். ரெசிஸ்டரில் வண்ணக் கோடுகள் இருக்கும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1000 ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10,000 ஓம். பழைய குழல்விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். கண் ஒரு இம்மி பிசகினால் மதிப்பு 10 மடங்கு மாறிவிடும். அதனால்தான் ஆய்வக உதவியாளர் அண்ணன், "கலரைப் பாத்துட்டு மீட்டரையும் வெச்சுப் பாருப்பா" என்பார். நிறம் ஒரு சாட்சி. ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

கடலுக்குள் இந்தச் சாட்சியின் நிலை இன்னும் மோசம். சூரிய ஒளியில் இருக்கும் சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும். 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால் சிவப்பு பெரும்பாலும் காணாமல் போய், அந்த இடம் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். இதை இரண்டு நத்தைகளை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்று, டோரிபிரிஸ்மாட்டிகா அட்ரோமார்ஜினாட்டா. பெயர் நீளம், ஆனால் பொருள் சுலபம். அட்ரோமார்ஜினாட்டா என்றால் கரிய விளிம்பு உடையது. பாலாடை நிற உடம்பு, வளைந்து வளைந்து போகும் ஓரம், அந்த ஓரத்தில் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1804இல் விவரித்த இனம். இன்னொன்று, கோனியோபிராங்கஸ் ஃபிடேலிஸ். இதற்கும் வெளிறிய உடம்புதான். ஆனால் ஓரத்தில் இருப்பது செம்மஞ்சள் நிறப் பட்டை. டார்ச் இல்லாமல் ஆழத்தில் பார்த்தால் அந்தச் செம்பட்டையும் இருண்டுதான் தெரியும். வெள்ளை உடம்பு, கரிய ஓரம் என்று குறித்துக்கொண்டு மேலே வந்தால், எந்த நத்தையைப் பார்த்தோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தூத்துக்குடிப் பக்கம் எங்களோடு முக்குளிக்க வரும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. அவர் நூடிபிராங்க் என்ற பெயரைக் கேட்டதே இல்லை. ஆனால் நான் பலகையில் எழுதப் போனால், "தம்பி, மொதல்ல டார்ச்ச அடிங்க, அப்புறம் எழுதுங்க" என்பார். சங்கு குளித்துப் பழகியவர் அவர். தண்ணீருக்குள் கண் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். விளக்கு வெளிச்சம் பட்டதும் சிவப்பு திரும்பி வந்துவிடும்.

வெளிச்சம் அடித்தாயிற்று. அடுத்து நிறத்துக்கு முன்னால் உருவத்தைப் பார்க்க வேண்டும். தலையில் இரண்டு மோப்பக் கொம்புகள் இருக்கும். அவை வழவழப்பா, அடுக்கடுக்காக மடிப்பு உள்ளவையா? முதுகின் பின்பக்கத்தில் பூங்கொத்து மாதிரி செவுள் இருக்கிறதா? இருந்தால் டோரிட் என்னும் கூட்டம். அதற்குப் பதிலாக முதுகெல்லாம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் ஏயோலிட் என்னும் கூட்டம். பேருந்தில் ஏறுவதற்கு முன் முதலில் ஊர்ப் பலகையைப் பார்க்கிறோம், வண்டியின் நிறத்தை அப்புறம்தான் பார்க்கிறோம். அதே கதைதான்.

மூன்றாவது விஷயம், திருப்பிப் பார்ப்பது. ஃபில்லிடியா வரிகோசா என்று ஒரு நத்தை. லாமார்க் 1801இல் பெயர் வைத்தது. கறுப்பு உடம்பில் நீலம் கலந்த சாம்பல் நிற மேடுகள் நீளவாக்கில் ஓடும், மேடுகளின் உச்சியில் மஞ்சள் குமிழ்கள், கொம்பும் மஞ்சள். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் முக்குளிப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் இனம் இது. இதற்கு ஃபில்லிடியா கோலஸ்டிஸ் என்று ஒரு பங்காளி உண்டு. அதே நீலம், அதே மஞ்சள், அதே கறுப்பு. மேலே இருந்து எடுத்த படத்தில் பலர் குழம்புவார்கள். உடம்பைத் திருப்பிப் பாருங்கள். வரிகோசாவின் பாதத்தில் நடுவாக ஒரு கறுப்புக் கோடு இருக்கும். கோலஸ்டிஸுக்கு அந்தக் கோடு கிடையாது. முதுகில் இருக்கும் அத்தனை அலங்காரத்தையும் விட யாரும் பார்க்காத பாதத்தில் இருக்கும் ஒரு கோடு தெளிவாகப் பேசுகிறது.

இந்த நத்தையைப் பார்த்து வேஷம் போடுபவர்களும் உண்டு. சில தட்டைப்புழுக்கள் இதன் நிறத்திலேயே வாழ்கின்றன. அதைவிட வேடிக்கை, முன்னால் சொன்னேனே கடல் அட்டை, அதில் பியர்சனோதூரியா கிரேஃபை என்ற இனத்தின் குட்டி, ஃபில்லிடியா நத்தை மாதிரியே நீலம், மஞ்சள், கறுப்பு பூசிக்கொண்டு திரியும். வளர்ந்தபின் அந்த வேஷம் கலைந்துவிடும். ஏன் இந்த நத்தையைப் போய்க் காப்பியடிக்க வேண்டும்? காரணம் விஷம். கடற்பஞ்சைத் தின்று, அதில் உள்ள விஷப்பொருளைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது ஃபில்லிடியா. இதன் சளி பட்ட தொட்டியில் மீனும் இறாலும் செத்துப்போவதை 1963இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தம்பிகளே, மீன் தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று எடுத்துவந்துவிடாதீர்கள். தொட்டியில் நத்தை மட்டும்தான் மிஞ்சும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நத்தை நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனபின், பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன் ஒதுங்கியது என்று பத்திரிகைகளில் படம் வந்தது. பல்லி மாதிரி சின்ன உடம்பு, பக்கவாட்டில் விசிறி விசிறியாக விரல்கள், கண்ணைப் பறிக்கும் நீலம். அதுவும் ஓடில்லாக் கடல் நத்தைதான். கிளாக்கஸ் என்பது அதன் பேரினம். அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிந்த நீலப் பக்கம் அதன் முதுகு என்று நினைத்தீர்களா? அது வயிறு. இந்த நத்தை காற்றை விழுங்கிக்கொண்டு கடல்மட்டத்தில் மல்லாந்து மிதக்கும். மேலே இருந்து பார்க்கும் பறவைக்கு நீல வயிறு கடலோடு கலந்துவிடும். கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு வெள்ளி நிற முதுகு வானத்தோடு கலந்துவிடும். முதுகில் என்ன நிறம் என்று அடையாளப் புத்தகம் கேட்டால், முதலில் எது முதுகு என்று தெரிந்திருக்க வேண்டும் பாருங்கள்!

இதிலும் ஒரு நுணுக்கம். கிளாக்கஸ் அட்லாண்டிகஸ் என்ற இனத்தில் விரல்கள் ஒரே வரிசையாக இருக்கும். கிளாக்கஸ் மார்ஜினாட்டஸில் பல வரிசை. நிறம் இரண்டுக்கும் ஒன்றேதான். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அந்த மார்ஜினாட்டஸும்கூட ஒரே இனம் அல்ல, நான்கு இனங்கள் என்று 2014இல் மரபணு ஆய்வு சொன்னது.

இங்கே குழந்தைகளோடு வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீல டிராகன், போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று சொல்கிற கொட்டும் சொறியைத் தின்னும். தின்றபின் அதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் விரல் நுனிகளில் சேமித்து வைத்துக்கொள்ளும். கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும். படம் எடுங்கள், கை வைக்காதீர்கள். கொட்டிவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது நிறத்தின் கட்சியையும் கேட்டுவிடுவோம். நிறம் சுத்தமாக உபயோகமில்லாததா? இல்லை. நிறத்தில் எந்தப் பகுதி நிலையானது, எந்தப் பகுதி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் கோனியோபிராங்கஸ் ஸ்ப்ளெண்டிடஸ் என்ற நத்தை உண்டு. வெள்ளை உடம்பு, சிவப்புப் புள்ளிகள், மஞ்சள் விளிம்பு. சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொரு நத்தைக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மஞ்சள் விளிம்பு மட்டும் அவ்வளவாக மாறாது. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிளாத்தி வகை மீன் ஒன்றைப் பழக்கிப் பார்த்தார்கள். கசப்பான இரையை ஒதுக்கக் கற்றுக்கொண்ட அந்த மீன், புள்ளிகளைக் கணக்கில் எடுக்கவில்லை, மஞ்சள் விளிம்பைத்தான் அடையாளம் வைத்துக்கொண்டது. நமக்குப் பாடம் எடுக்க ஒரு மீன் போதும்!

ஆனால் விளிம்பையும் எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2018இல் குரோமோடோரிஸ் என்ற பேரினத்தை மரபணு வைத்து ஆராய்ந்தார்கள். ஒரே இனம் வெவ்வேறு கடல்களில் வெவ்வேறு கோலத்தில் இருக்கிறது, அந்தந்த இடத்தில் இருக்கும் வேறு இனத்தின் கோலத்தைப் போட்டுக்கொள்கிறது என்று தெரிந்தது. ஊருக்குத் தகுந்த மாதிரி வேட்டி கட்டுகிற மாப்பிள்ளை மாதிரி. அதனால் எங்கே எடுத்த படம் என்பது தெரியாவிட்டால், எவ்வளவு தெளிவான படமும் பாதிச் சாட்சிதான்.

இந்த மலைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, இதுதான். நாம் உட்கார்ந்திருக்கும் இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1972 முதல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல் வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி. வானில் ஒரு நட்சத்திரம் சிவப்பாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே குளிர்ந்த சிவப்பு நட்சத்திரமா, அல்லது சூடான நீல நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில் தூசி வந்து நின்று அதைச் சிவப்பாகக் காட்டுகிறதா? நிறத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் இருக்கும் கோடுகளைப் பார்த்துத்தான் இன்ன வகை நட்சத்திரம் என்று தீர்மானிக்கிறார்கள். நட்சத்திரத்துக்குத் தூசி, நத்தைக்குத் தண்ணீர். கடல் தெரியாத இந்த மலையிலும் அதே வேலைதான் நடக்கிறது.

வானாய்வகம்வரை போக வேண்டாம். இங்கே தேன் எடுக்கிறவரிடம் கேளுங்கள். பாறையிலோ உயரமான கிளையிலோ வெளியே ஒற்றை அடையாகத் தொங்கினால் மலைத்தேனீ. பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை இருந்தால் அடுக்குத் தேனீ. பூச்சியைக் கையில் பிடித்து வரியை எண்ண வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அது எங்கே, எப்படி வாழ்கிறது என்பதே அடையாளம்.

இனி கொஞ்சம் சரித்திரம். நம் பகுதிக் கடல் நத்தைகளுக்குப் பெயர் வந்த கதையே இந்தப் பாடத்தைச் சொல்லும்.

மதராஸ் மாகாணத்தில் வால்டர் எலியட் என்ற சிவில் அதிகாரி இருந்தார். தென்னிந்திய நாணயங்களைச் சின்னம் பார்த்து வகைப்படுத்திப் புத்தகம் எழுதியவர். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்தவரும் இவரே. 1850களில் விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் இருந்தபோது கடல் நத்தைகளைச் சேகரித்தார். சாராயத்தில் போட்ட நத்தை வெளுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நத்தை உயிரோடு இருக்கும்போதே வண்ணப்படம் வரையச் செய்தார். வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். படங்களும் வெளுத்த உடல்களும் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போயின. ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் என்ற இருவர் அவற்றை வைத்து 1864இல் பல புதிய இனங்களை விவரித்தார்கள். அதில் ஒன்றுக்கு அவர்கள் வைத்த பேரினப் பெயர் என்ன தெரியுமா? கலிங்கா! கலிங்கா ஓர்னாட்டா. வெளிறிய உடம்பில் சிவந்த குமிழ்கள் கொண்ட, பாம்பு நட்சத்திரம் என்ற பிராணியைத் தின்று வாழும் நத்தை. பரணி பாடிய தமிழனுக்குக் கலிங்கம் என்றால் யுத்தம்தான் நினைவுக்கு வரும். கடலடியில் அது ஒரு நத்தை.

அதே காலத்தில் இலங்கையில் கெலார்ட் என்ற மருத்துவர் இருந்தார். இலங்கையிலேயே பிறந்தவர். முத்துச்சிப்பியைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியவர். அவரும் 1858இல் பல நத்தைகளை விவரித்தார். முன்னால் சொன்ன ஃபிடேலிஸ் அவர் பெயரிட்டதுதான். ஆனால் அவருடைய விவரங்கள் சுருக்கமானவை. வார்த்தையை மட்டும் வைத்து எது எந்த நத்தை என்று பின்னால் வந்தவர்களுக்குப் புரியவில்லை. 1860இல் அவர் காலமாகிவிட்டார். பிறகு 1906இல் சர் சார்லஸ் எலியட் என்பவர், நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த கெலார்டின் படங்களையும் ஆல்டர், ஹான்காக் சேகரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தென்னிந்திய, இலங்கை நத்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். விவரித்தவர் போய் 46 வருஷம் கழித்து, அவர் விட்டுப்போன படங்கள் அவருக்காகச் சாட்சி சொன்னன.

குழப்பமாக இருக்கிறதா? வால்டர் எலியட் ஒருவர். சார்லஸ் எலியட் வேறொருவர், தூதராக ஜப்பான்வரை போனவர். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் பெயர் தந்தவர் மூன்றாவது எலியட், எட்வர்ட் எலியட். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிட மாட்டார். நிறத்துக்கும் இதே நியாயம்தான்.

பெயர் எழுதும் முறையிலும் ஒரு அழகு உண்டு. ஃபில்லிடியா வரிகோசா, லாமார்க், 1801 என்று எழுதுவார்கள். ஃபிடேலிஸுக்கோ கெலார்ட், 1858 என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். கெலார்ட் அதை டோரிஸ் என்ற பேரினத்தில் வைத்தார், பிறகு வந்தவர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள் என்பதற்கு அந்த அடைப்புக்குறி அடையாளம். முதலில் சொன்னவரின் பெயரையும் விடவில்லை, திருத்தம் நடந்ததையும் மறைக்கவில்லை. நம் ஊர் நிலப்பத்திரங்களுக்கு இந்த ஒழுக்கம் இருந்தால் எத்தனையோ சிவில் வழக்குகள் குறையும்!

இதெல்லாம் எதற்கு, நத்தைக்குப் பெயர் தெரிந்தால் சோறு கிடைக்குமா என்று ஒரு தம்பி நேற்று இரவு என்னிடமே கேட்டான். நியாயமான கேள்வி. நூடிபிராங்குகளில் பெரும்பாலானவை சாப்பாட்டில் பிடிவாதக்காரர்கள். ஒரு இனம் குறிப்பிட்ட கடற்பஞ்சையே தின்னும், இன்னொன்று குறிப்பிட்ட ஹைட்ராய்டையே தின்னும். ஆகவே நத்தையின் பெயர் சரியாகத் தெரிந்தால், அந்தத் தூணிலோ பாறையிலோ வேறு என்ன வளர்கிறது என்று ஒரு தடயம் கிடைக்கும். குழாய்க்குள் என்ன பாசம், என்ன பஞ்சு பிடிக்கிறது என்பதற்கு எங்களுக்கு அது ஒரு முன்னறிவிப்பு.

அதைவிடப் பெரிய விஷயமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் கடல், 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடற்கரையில் துறைமுகம் போன்ற பெரிய கட்டுமானம் வர வேண்டுமென்றால், 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்ற பட்டியல் அதில் இடம்பெறும். ஒரு பட்டியலில் தவறாக ஏறிய பெயரை அடுத்த பட்டியல்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால், இரண்டு இனங்கள் ஒரே பெயரில் 20 வருஷம் ஓடும். அவற்றில் ஒன்று அந்தக் கடலைவிட்டே போய்விட்டாலும் காகிதத்தில் அது பத்திரமாக இருக்கும். யாருக்கும் தெரியாது. இல்லாமல் போன ஒன்றை இல்லை என்று சொல்வதற்குக்கூட அதற்கு முதலில் சரியான பெயர் வேண்டும்.

ஆகவே கடற்கரைக்குப் போகிற மாணவர்களுக்கு என் யோசனை இதுதான். நத்தையைக் கண்டால் எடுக்காதீர்கள், படம் எடுங்கள். பூங்காத் தீவுகளுக்கு அனுமதியில்லாமல் போகாதீர்கள். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கொம்பும் செவுளும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம். ஆழத்தில் என்றால் விளக்கோடு எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். இடம், தேதி, ஆழம், எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று எழுதுங்கள். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரைகுறையாக ஒரு முழுப்பெயர் போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். விவரம் சரியாக இருந்தால் பெயரை நாளைக்கு ஒருவர் வைத்துவிடுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். நம் கல்லூரி விலங்கியல் துறையின் அருங்காட்சியக அறை எல்லோருக்கும் தெரியும். ஃபார்மலின் நெடி அடிக்கும், நாங்கள் இயற்பியல்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அங்கே ஒரு மர அலமாரியில் மென்னுடலிகள் தட்டில் பல சீசாக்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பதெல்லாம் வெளுத்துப்போய் வேகவைத்த இட்லி நிறத்தில் இருக்கிறது. சில சீசாக்களில் லேபிள் பாதி உதிர்ந்து, பாம்பன் என்ற ஊர்ப்பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. துறை புதிய கட்டடத்துக்கு மாறப்போகிறது. லேபிள் இல்லாத சீசாக்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்திருக்கிறது. விவரம் இல்லாத சீசாவைச் சுமந்துபோக யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் அந்த விவரம் தொலைந்துவிடவில்லை, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. விலங்கியல் படித்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, நீங்கள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று வருஷா வருஷம் சுற்றுலா போனீர்கள். திரும்பி வந்து ரெகார்டு நோட்டில் கலர் பென்சிலால் படம் போட்டீர்கள். பேராசிரியர் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மதிப்பெண்ணுக்காகப் போட்ட படம்தான். ஆனாலும் நத்தை வெளுப்பதற்கு முன் பார்த்த கண் உங்களுடையது. எலியட்டின் ஓவியர்கள் வால்டேரில் செய்த வேலையைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். அந்த நோட்டு, அந்தச் சுற்றுலாவில் எடுத்த போட்டோ, எந்த வருஷம் யார் யார் போனார்கள் என்ற நினைவு, எதுவாக இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். நோட்டைக் கொடுக்க மனம் வராவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்துத் துறைக்கு அனுப்புங்கள். சீசாவையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேமரா, விளக்கு, புது லேபிள் செலவுகளை எங்கள் பேட்ச் நண்பர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, கடைசி வரிசை எழுந்துவிட்டது.